முந்நூற்றைம்பது வாக்கியங்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

தேதி முடிவாகிவிட்டது. பதினெட்டாம் தேதி அவருடைய புற்றுநோய் வந்த குரல்வளையை முழுதாக எடுத்துவிடுவார்கள். டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கழுத்தில் ஒரு துளை இருக்கும், இனி அதன் வழியாகத்தான் மூச்சு. "உயிருக்கு ஒண்ணும் ஆகாதும்மா. ஆனா பேச்சு இருக்காது" என்றார். நான் தலையாட்டினேன். கையிலிருந்த டோக்கன் எண்ணை இரண்டு முறை சரிபார்த்தேன், எதற்கென்று தெரியவில்லை.

அவர் பேர் பூமிநாதன். மதுரை டவுன் பஸ்ஸில் இருபத்தாறு வருஷமாகக் கண்டக்டர். பஸ்ஸில் பேசியது போதாதென்று வீட்டுக்கு வந்தும் பேசுவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் இருப்பது இரண்டு பேர், பேசுகிறவர் ஒருவர்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டார்: "அப்ப நான் ஊமையாயிருவேனா கயலு?"

"ஆக மாட்டீங்க. கம்ப்யூட்டர் பேசும். உங்க குரல்லயே பேசும்" என்றேன். சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் குழு ஒன்று இதை இலவசமாகச் செய்து தருகிறது. நோயாளி முந்நூற்றைம்பது வாக்கியங்கள் பேசிப் பதிந்து அனுப்பினால், அதிலிருந்து ஒரு குரலை உருவாக்கிக் கொடுப்பார்கள். பிறகு அவர் தட்டச்சு செய்தால் போதும், அவர் குரலிலேயே கேட்கும். ஒரே நிபந்தனை, பதிவு சுத்தமாக இருக்க வேண்டும்.

பாலிடெக்னிக்கில் பதினெட்டு வருஷமாகக் கணினி லேப் பார்க்கிறேன். நாற்பது எந்திரங்கள், அத்தனையும் லினக்ஸ். இதுகூட என்னால் முடியாதா?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முடியவில்லை. வீட்டுக் கணினிக்கு வாயும் இல்லை, காதும் இல்லை. வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. நான் அதில் சத்தம் எதுவும் வைத்துக்கொண்டதே இல்லை, அதனால் இத்தனை நாள் தெரியவில்லை. ஒலி அமைப்பைத் திறந்தால் "டம்மி அவுட்புட்" என்று ஒரே ஒரு வரி. சவுண்ட் கார்டு இருக்கிறது. ஆனால் சிஸ்டம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "போன்லயே எடுத்துருவோமே கயலு" என்றார்.

போன் சத்தத்தைத் தானாகவே கூட்டிக் குறைக்கும், அதிலிருந்து குரல் செய்தால் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுவது போல வரும் என்று குழுவின் குறிப்பில் தெளிவாகப் போட்டிருக்கிறது. அதைச் சொன்னேன். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன் போல. "சரி சரி, நீ பாரு" என்று எழுந்து போய்விட்டார்.

ஆகஸ்ட் 6, புதன்

சவுண்ட் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன். மறுபடி ஏற்றினேன். கார்டு தெரிகிறது. சத்தம் இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

காரணம் கிடைத்தது. டெர்மினலில் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரைத் திறந்தால், தூண் தூணாக நிற்கும் ஒலி வழிகள் ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு 'எம்' எழுத்துகள். அப்படியிருந்தால் அந்த வழி ஊமை. ஒவ்வொன்றாகப் போய் எம் விசையை அழுத்தித் திறந்துவிட்டேன். சோதனை ஒலி வந்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண் "ஃபிரண்ட் லெஃப்ட், ஃபிரண்ட் ரைட்" என்றாள்.

அவர் சமையலறையிலிருந்து ஓடி வந்தார். "யாரு அது, நம்ம வண்டியில ஏறுறது? ஃபிரண்ட் லெஃப்ட்ல இடமில்ல தாயி, பின்னால போ!" குரல் ஏற்கெனவே கரகரத்துத் தேய்ந்துதான் இருக்கிறது. பாதிச் சொல்லில் காற்று மட்டும் வருகிறது. இருந்தும் அவர் குரல்தான்.

"பேசாம இருங்க, மைக்கைப் பாக்கணும்" என்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மைக் வேலை செய்கிறது. ஆனால் ஒரே இரைச்சல். விசிறியை நிறுத்தினால் யூபிஎஸ்ஸின் ரீங்காரம். அதை அணைத்தால் கணினியின் உள்ளேயே ஏதோ சர்ரென்று ஓடுகிறது. குழுவில் தன்னார்வலராக இருக்கும் நஸ்ரின் என்ற திருச்சிப் பெண்ணுக்கு எழுதினேன். வெளியே செருகும் யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கச் சொன்னாள். கட்டைவிரல் அளவுதான், டவுன்ஹால் ரோட்டில் கிடைக்கும்.

இன்னொரு தொல்லை. அவரைத் தாளைப் பார்த்து வாசிக்கச் சொன்னால் ஐந்தாம் வகுப்புப் பையன் பாடம் ஒப்பிப்பது போல வாசிக்கிறார். அந்தக் குரலை வைத்து என்ன செய்வது? கடைசியில் ஒரு வழி கண்டேன். வாக்கியங்களை நான் பேச்சு மாதிரியே சொல்லி என் போனில் பதிந்துவிடுகிறேன். எனக்குத் தரம் வேண்டியதில்லை, போன் போதும். அதைக் கணினியில் ஏற்றி ஓட்டினால், ஹெட்போனில் அவர் கேட்டு, அதே மாதிரி திருப்பிச் சொன்னால் மைக் அதைப் பிடித்துக்கொள்ளும். ஹெட்போனில் போகிற சத்தம் வெளியே வராது. ஆகவே பதிவில் அவர் குரல் மட்டும்தான் விழும்.

ஆகஸ்ட் 9, சனி

கார்டு வாங்கிவிட்டேன். மதியம் முழுவதும் பீரோவைத் திறந்துவைத்து, எதிரொலி வராமல் இருக்கத் துணிகளுக்கு நடுவே தலையை நீட்டி, முந்நூற்றைம்பது வாக்கியங்களையும் சொல்லி முடித்தேன். குழு கொடுத்தவை இருநூறு. மிச்சம் நானே எழுதினேன். அவருக்கு வீட்டில் எவையெல்லாம் தேவைப்படும் என்று யோசித்து எழுதினேன். 'சாப்பிட்டியா?' 'மழை வருது, துணிய எடு.' 'எனக்கு வலிக்குது.' 'கோவமா இருக்கியா?' 'கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காரு.'

அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். "என்கிட்ட ஒரு நாளாவது இப்படிக் கேட்டிருக்கியா? சேலைகிட்டப் போயி சாப்பிட்டியாங்குற" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. முப்பத்தேழாவது வாக்கியத்தை மறுபடி பதிய வேண்டியதாகிவிட்டது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெற்றி. அவ்வளவு சந்தோஷம்.

புதிய கார்டைச் செருகியதும் பதிவுப் பட்டியலில் கூடுதலாக இரண்டு வரிகள் வந்தன. இரண்டுக்கும் கிட்டத்தட்ட அதே நீளப் பெயர், பெட்டிக்குள் அடங்காமல் வெட்டுப்பட்டுத் தெரிந்தது. முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் பழைய இரைச்சல் குறைந்திருந்ததே தவிரப் போகவில்லை. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு பொட்டு இரைச்சல் இல்லை. விசிறி ஓடுகிறது, தெருவில் மீன்காரர் போகிறார், பதிவிலோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல அமைதி. சோதனைக்கு ஐந்து வாக்கியங்களை ஓட்டினேன். அவர் ஹெட்போனில் கேட்டுத் திருப்பிச் சொன்னார். திரையில் அலை வடிவத்தைப் பார்த்தால் கச்சிதமாக ஐந்து மேடுகள்.

"போட்டுக் காட்டேன், எப்படி இருக்குன்னு கேப்போம்" என்றார்.

"வேணாம். எல்லாம் முடியட்டும். அலையைப் பாத்தாலே எனக்குத் தெரியும்" என்றேன்.

நஸ்ரினும் ஒரு மாதிரிக் கோப்பு கேட்டாள். "அனுப்புங்க அக்கா, ஒரு தடவ கேட்டுப் பாத்துட்டு ஓகே சொல்றேன்" என்று எழுதியிருந்தாள். தேவையில்லை, பதிவு மிகச் சுத்தமாக இருக்கிறது, மொத்தமாகவே அனுப்புகிறேன் என்று பதில் போட்டேன். சின்னப் பெண். நான் லேப்பில் சேர்ந்தபோது பள்ளிக்கூடம்கூடப் போயிருக்க மாட்டாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அறுபது வாக்கியங்கள். அறுபது மேடுகள். எண்ணினேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எழுபது. காலையில் வெந்நீர் குடித்தபின் தொடங்கினால் குரல் நன்றாக இருக்கிறது. அவர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் நான் விசையைத் தட்ட வேண்டும், அடுத்தது ஓடும். என் கண் விசைப்பலகையிலும் தாளிலுமே இருந்தது. ஒரு தடவை நிமிர்ந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு பேசுங்கள், கவனம் சிதறாது என்றேன்.

ஆகஸ்ட் 13, புதன்

நாற்பதுதான் முடிந்தது. இருமல். அவருடைய டிப்போ நண்பர்கள் இரண்டு பேர் வந்தார்கள். "ஆபரேசன் முடிஞ்சாலும் நான்தான்டா பேசுவேன். எம் பொஞ்சாதி கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா" என்று அவர்களிடம் பெருமை அடித்துக்கொண்டார். எனக்கு வேலை இருந்தது, காபி போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

எண்பது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. இரண்டு அமர்வுகளில் மிச்ச நூறும் முடிந்தது. 'கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காரு' என்பதை அவர் இரண்டு தடவை சொன்னார். ஒரு தடவை போதும் என்றேன்.

ஆகஸ்ட் 16, சனி

குழுவின் குறிப்பில் கடைசியாக ஒன்று இருக்கிறது. பத்து நிமிடம் நோயாளி தன் போக்கில், மனதில் தோன்றியதைப் பேச வேண்டும். அப்போதுதான் பேச்சின் ஏற்ற இறக்கம் பிடிபடும். ஹெட்போன் தேவையில்லை, மைக் மட்டும்.

"என்னத்தப் பேச?" என்றார்.

"எதையாவது. இருபத்தாறு வருஷம் பேசுனதுல எதையாவது."

மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஒனக்குச் சொல்ல வேண்டியதச் சொல்லவா?"

"எது வேணாலும் சொல்லுங்க. நான் வெளிய இருக்கேன், ஆளு இருந்தா மைக்ல மூச்சுச் சத்தம் விழும்" என்று சொல்லி, பதிவை ஓடவிட்டுக் கதவைச் சாத்தினேன். அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது. "கயலு..." என்று ஆரம்பித்தார்.

மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். துணி காயவில்லை. தண்ணீர்த் தொட்டியின் மூடி சரியாக இல்லாமல் இருந்தது, அதைச் சரி செய்தேன். கொடிக் கயிற்றையும் இறுக்கிக் கட்டினேன். இறங்கி வர இருபது நிமிடம் ஆகிவிட்டது.

சாத்தியிருந்த கதவைத் திறந்தேன், அவர் மைக் முன்னால் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. என் முகத்தை உற்றுப் பார்த்தார். "சேவ் பண்ணீட்டீங்களா?" என்றேன். "அதெல்லாம் பண்ணியாச்சு" என்றார். பதிவு பத்து நிமிடம் பன்னிரண்டு நொடி. கோப்பின் அளவு சரி. திறந்து கேட்க நேரமில்லை, ஆஸ்பத்திரிக்குப் பை அடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. எல்லாக் கோப்புகளையும் இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்தேன். ஒன்று பீரோவில், ஒன்று என் கைப்பையில்.

மாலையில் அவரைப் பேச வேண்டாம் என்று நர்ஸ் சொன்னார். அவர் கேட்கவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் திருமங்கலம் வரை எல்லா நிறுத்தங்களையும் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார். நான் சும்மா இருக்கச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

நல்லபடியாக முடிந்தது என்றார்கள். எட்டு மணி நேரம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

விழித்திருக்கிறார். கழுத்தில் குழாய். சிலேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வலி எப்படி என்று டாக்டர் கேட்டதற்கு, "ஃபிரண்ட் லெஃப்ட்" என்று எழுதிக் காட்டினார். டாக்டருக்குப் புரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். வார்டில் எல்லா நர்ஸிடமும் எழுதிக் காட்டியிருக்கிறார்: 'அடுத்த தடவை வரும்போது பேசுவேன்.'

கோப்புகளை நஸ்ரினுக்கு அனுப்பிவிட்டேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

லேப்பில் இருந்தபோது நஸ்ரினிடமிருந்து செய்தி வந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

"அக்கா, எல்லாக் கோப்பையும் கேட்டேன். இதுல ஒரு பெண் குரல்தான் இருக்கு. உங்க குரல்னு நினைக்கிறேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அப்புறம் வெறும் அமைதி. கடைசிப் பத்து நிமிஷக் கோப்பு முழுக்கக் காலியா இருக்கு. ஐயாவோட குரல் வேற ஃபோல்டர்ல இருக்கா அக்கா?"

வேறு ஃபோல்டர் இல்லை.

வீட்டுக்கு வந்து பதிவுப் பட்டியலைத் திறந்து, பெட்டியை அகலமாக இழுத்து, பெயரை முழுதாகப் படித்தேன். நான் தேர்ந்தெடுத்தது மைக் அல்ல. கணினி ஹெட்போனுக்கு எதை அனுப்புகிறதோ அதையே திருப்பிப் பதிந்துகொள்ளும் வழி அது. வெளியே யார் பேசினாலும் அதற்குக் கேட்காது. அதனால்தான் அவ்வளவு சுத்தம். நான் எண்ணிய மேடுகள் எல்லாம் நான் பீரோவுக்குள் தலையை விட்டுப் பேசியவை.

முதல் வருஷ மாணவி இப்படிச் செய்திருந்தால் லேப்பை விட்டு வெளியே அனுப்பியிருப்பேன்.

செப்டம்பர் 3, புதன்

வேறு எங்காவது அவர் குரல் இருக்கிறதா என்று தேடினேன். டிப்போ நண்பர் ஒருவரிடம் சங்க விழா வீடியோ இருக்கிறது. அதில் நாதஸ்வரம்தான் கேட்கிறது. என் போனில் அவர் அனுப்பிய குரல் செய்திகள் இரண்டே இரண்டு. "கேட்டப் பூட்டிட்டேன்." "வரும்போது தக்காளி வாங்கவா?" அதற்குமேல் இல்லை. லேப்பில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது, எழுதி அனுப்புங்கள் என்று நான்தான் ஒரு நாள் சொன்னேன். அதிலிருந்து அவர் எழுதித்தான் அனுப்புவார்.

இரண்டும் சேர்ந்து ஐந்து நொடி. இதை வைத்து எதுவும் செய்ய முடியாது என்று நஸ்ரின் போனில் சொல்லிவிட்டாள். அவள் அழுதாள் என்று நினைக்கிறேன். நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

'எப்ப வரும்?' என்று சிலேட்டில் எழுதிக் கேட்டார். வேலை நடக்கிறது என்றேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

இன்றும் கேட்டார். இன்றும் அதையே சொன்னேன்.

ஒரே ஒரு கோப்பை, முதல் நாளே, ஒரு நொடி திறந்து கேட்டிருந்தால் போதும். நேரமில்லை என்று இந்த நோட்டிலேயே எழுதியிருக்கிறேன். பொய். மாடிக் கயிற்றை இறுக்க நேரம் இருந்தது. அவர் வாயிலிருந்து வராமல் கம்ப்யூட்டரிலிருந்து வரும் அந்தக் குரலைக் கேட்கப் பயந்தேன். அவர் உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்து பேசியபோது அந்த முகத்தைப் பார்க்கவும் பயந்தேன். அதனால்தான் டிரைவரையும் மிக்சரையும் கட்டிக்கொண்டு அழுதேன்.

செப்டம்பர் 6, சனி

சொல்லிவிட்டேன். குழாயைச் சுத்தம் செய்து முடித்ததும், எதிரே உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சிலேட்டை எடுத்து எழுதினார்: 'எப்ப தெரியும்?'

"செவ்வாய்க்கிழமையே தெரியும்."

சிலேட்டை மேசையில் ஓங்கி வைத்தார். மூலை உடைந்து தெறித்தது. வாயைத் திறந்து ஏதோ கத்தினார். கழுத்துத் துளையிலிருந்து காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சோறு வைத்தேன், தொடவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலை பத்து மணிக்கு அவரே எழுந்து வந்து என் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். உடைந்த சிலேட்டில் எழுதினார்: 'அந்தப் பத்து நிமிஷமும் போச்சா?'

"போச்சுங்க."

அழித்துவிட்டு எழுதினார்: 'போனாப் போகுது. நீதான் கதவுக்கு வெளிய நின்னு கேட்டியே.'

அவர் அப்படி நினைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. நான் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன் என்று நம்பி, முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததையெல்லாம் கதவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் அன்று என் முகத்தை உற்றுப் பார்த்தார். நான் சேவ் பண்ணீட்டீங்களா என்று கேட்டேன்.

ஆமாம், கேட்டேன் என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"கேக்கல" என்றேன். "மாடிக்குப் போயிட்டேன். நீங்க கயலுன்னு ஆரம்பிச்சதுமே போயிட்டேன். பயமா இருந்துச்சுங்க. நான் நின்னு கேட்டிருக்கணும். என்னைய மன்னிச்சிருங்க."

அவர் என்னைப் பார்த்தார், சிலேட்டைப் பார்த்தார். எழுத ஆரம்பித்தார். இரண்டு சொல் எழுதினார், அழித்தார். மறுபடி எழுதினார், புறங்கையால் துடைத்தார். மூன்றாவது தடவை பலப்பத்தைக் கீழே வைத்துவிட்டார். சிலேட்டையும் தள்ளி வைத்தார். கையை நீட்டி என் தாடையைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேரே திருப்பினார். பிறகு சத்தமில்லாமல் உதட்டை அசைத்துப் பேசத் தொடங்கினார்.

முதல் சொல் 'கயலு'. அது எனக்குத் தெரிந்தது. அடுத்தது தெரியவில்லை. "திரும்பச் சொல்லுங்க" என்றேன். சொன்னார். நான் ஊகித்ததைச் சத்தமாகச் சொன்னேன். இல்லை என்று தலையசைத்தார். மறுபடி சொன்னார். நான் மறுபடி சொல்லிப் பார்த்தேன். கல்யாணமாகி இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வாயை நான் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. முன்பல்லில் ஒன்று லேசாகச் சாய்ந்திருக்கிறது.

அரை மணி நேரத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் முழுதாகக் கிடைத்தது. ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்து, கடைசியில் மொத்தமாக நான் சொன்னேன்: "நீ ஒரு தடவ சிரிப்பேன்னுதான் அவ்வளவும் பேசினேன்."

"இதானா?" என்று கேட்டேன்.

ஆமாம் என்று தலையாட்டினார்.

சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. அவர் என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, அடுத்த வாக்கியத்துக்கு வாயைத் திறந்தார்.